‘ஐ ஹேவ் எ வொர்க்’: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு சொல்லைச் சரியாக எழுதும் வழி

வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டால் பெங்களூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருப்புக் கொள்ளாது. மடிவாளாவில் பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசல் இறுகுவதற்குள் ஓசூர் ரோட்டைப் பிடித்துவிட வேண்டும். அந்த அவசரத்தில் மேனேஜருக்கு ஒரு மெயில் போகும்: ‘ஐ ஹேவ் எ வொர்க் இன் மை நேட்டிவ், ஸோ ஐ வான்ட் லீவ் ஆன் மண்டே.’

படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், லீவும் கிடைத்துவிடும். அதனால்தான் ‘எ வொர்க்’ என்ற இந்தப் பிழை வருடக்கணக்கில் திருத்தப்படாமலே நம் கூட வருகிறது.

என் விஷயத்தில் ஒருமுறை அது படிப்பவருக்குப் புரியாமல் போனது. நான் தருமபுரிப் பக்கம் தமிழ் வழியில் படித்து, 2006-ல் இங்கே வந்தவள். சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்காவின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கச் சென்னை போக வேண்டியிருந்தது. மெயிலில் இப்படி எழுதினேன்: ‘ஐ காட் எ வொர்க் இன் சென்னை. ஐ வில் நாட் கம் ஃப்ரம் தர்ஸ்டே.’ சென்னையில் ஒரு வேலை இருக்கிறது, வியாழக்கிழமை முதல் இரண்டு நாள் வரமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். என் மேனேஜர் வடநாட்டுக்காரர். சென்னையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, வியாழக்கிழமையோடு நின்றுவிடப் போகிறேன் என்று படித்திருக்கிறார். சாயங்காலம் அறைக்குள் கூப்பிட்டு, ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பதில் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. அன்று ராத்திரி ஹாஸ்டலில் தூங்கவே இல்லை, வேலை போய்விடுமோ என்ற பயம்தான் மனசு முழுக்க.

அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லை நான் விடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு, பி.ஜி.யில் தங்கியிருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். அந்த வாரம் அனுப்பிய மெயில்களைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்ப்போம். அதிகம் தடுக்கும் பெயர்ச்சொல் எது என்று என்னைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் வொர்க் என்றுதான் சொல்வேன். சின்ன வகுப்பிலேயே படித்த சொல், தினமும் பத்து தடவை எழுதும் சொல். அப்படிப்பட்ட சொல்லில்தான் பிழை கூடாது.

ஒன்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆங்கில வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் படித்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வொர்க் விஷயத்தில் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும், காதுக்குத் தப்பாது.

முதல் படி: வேலையைத் தமிழிலேயே பிரியுங்கள்

வேலை என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று கவனியுங்கள். ‘வேலை ஜாஸ்தி, இன்னும் சாப்பிடலை.’ ‘தம்பிக்கு வேலை கிடைச்சிடுச்சு.’ ‘பேங்க்ல ஒரு வேலை இருக்கு, போயிட்டு வந்துடறேன்.’ ‘இது ரெண்டு நாள் வேலை.’ ‘மெட்ரோ வேலை நடக்குது, ரோட்டை அடைச்சிருக்காங்க.’

அஞ்சு இடத்திலும் வேலைதான். ஆங்கிலத்தில் இந்த அஞ்சுக்கும் ஒரே சொல் ஒரே வடிவத்தில் பொருந்தாது. நமக்கு ஆங்கிலம் தெரியாததால் பிழை வருகிறது என்று நான் நினைக்கவில்லை. தமிழில் வேலை என்பது பெரிய சொல், அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வொர்க் என்ற இடத்தில் வைக்கிறோம். அங்கேதான் இடிக்கிறது.

கன்னடத்திலும் இப்படித்தான், ‘ஒந்து கெலச இதே’ என்பார்கள். ஹிந்தியில் ‘ஏக் காம் ஹை’. அதனால் பெங்களூர் ஆபீசில் நீங்கள் ‘ஐ ஹேவ் எ வொர்க்’ என்றால் பக்கத்து சீட்டுக்காரருக்கு அது பிழையாகவே படாது, அவரும் அதையே எழுதுவார். மெயில் லண்டனுக்கோ சிகாகோவுக்கோ போகும்போதுதான் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஆபீசில் யாரும் திருத்தவில்லையே என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? வேலை என்ற இடத்தில் வேறு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். உழைப்பு என்று போட்டால் ஓரளவு பொருந்துகிறதா? அது வொர்க். ‘உழைப்பு ஜாஸ்தி’, ‘இரண்டு நாள் உழைப்பு’ இரண்டும் நிற்கிறது. உத்தியோகம் என்று போட்டால் பொருந்துகிறதா? அது ஜாப். ‘தம்பிக்கு உத்தியோகம் கிடைத்தது’. காரியம் என்று போட்டால் பொருந்துகிறதா? அது டாஸ்க், அல்லது அந்தக் காரியத்தின் பெயரையே நேராக எழுதிவிட வேண்டும். ‘பேங்கில் ஒரு காரியம்’ என்பதை ‘ஐ நீட் டு கோ டு தி பேங்க்’ என்று எழுதுவதுதான் ஆங்கிலத்தில் இயல்பு. படைப்பு, கட்டுமானப் பணி என்று போட்டால்தான் பொருந்தும் இடங்களும் உண்டு. அவை கொஞ்சம் வேறு மாதிரி, பின்னால் வருகிறேன்.

இந்த ஒரு படியை மட்டும் பழகினாலே பாதிப் பிழை போய்விடும். என் மெயிலில் நடந்ததும் இதுதான். காரியத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் உத்தியோகம் போலத் தொனிக்கும்படி எழுதிவிட்டேன். ‘காட்’ என்ற சொல் சேர்ந்ததும் அது கிடைத்துவிட்ட உத்தியோகமாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் படி: வொர்க்கைத் தண்ணீர் மாதிரி நடத்துங்கள்

உழைப்பு என்ற பொருளில் வரும் வொர்க் எண்ண முடியாத பெயர்ச்சொல். இலக்கணப் பெயர் மறந்துபோகட்டும், தண்ணீரை நினைவில் வையுங்கள். ‘ஒரு தண்ணீர்’, ‘மூன்று தண்ணீர்கள்’ என்று நாம் சொல்வதில்லை. பெங்களூரில் அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: டேங்கரை எண்ணலாம், லோடை எண்ணலாம், குடத்தை எண்ணலாம், தண்ணீரை எண்ண முடியாது. வொர்க்கும் அப்படியே.

ஆகவே முன்னால் ‘எ’ வராது, பின்னால் ‘ஸ்’ வராது. ‘ஐ ஹேவ் எ வொர்க்’ தவறு, ‘ஐ ஹேவ் சம் வொர்க்’ சரி. ‘ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்’ தவறு, ‘ஐ ஹேவ் எ லாட் ஆஃப் வொர்க்’ சரி. ‘பெண்டிங் வொர்க்ஸ்’ தவறு, ‘பெண்டிங் வொர்க்’ சரி. அப்புறம், வினைச்சொல் ஒருமையில்தான் வர வேண்டும். ‘ஆல் தி வொர்க்ஸ் ஆர் கம்ப்ளீட்டட்’ என்று எழுதுவதை வாரம் ஒரு மெயிலிலாவது பார்க்கிறேன். ‘ஆல் தி வொர்க் இஸ் கம்ப்ளீட்’. எல்லாம் என்று வந்துவிட்டதால் பன்மை என்று கை தானாகப் போகிறது. ‘எல்லாத் தண்ணீரும் தீர்ந்துவிட்டது’ என்றுதானே சொல்கிறோம், தீர்ந்துவிட்டன என்று சொல்வதில்லையே.

போன மாதம் ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, ‘எ’ வரக்கூடாதுன்னு சொல்றீங்க. அப்புறம் ‘எ லாட் ஆஃப் வொர்க்’ல மட்டும் ‘எ’ வருதே?” நல்ல கேள்வி. அந்த ‘எ’ லாட் என்ற சொல்லுக்குச் சொந்தம், வொர்க்குக்கு இல்லை. ‘ஒரு குடம் தண்ணீர்’ என்பதில் ஒரு என்பது குடத்தைச் சேர்ந்தது மாதிரி. ‘எ பீஸ் ஆஃப் வொர்க்’ என்பதிலும் ‘எ’ பீஸுக்குச் சொந்தம். அந்த ‘எ’யை விட்டுவிட்டு ‘ஐ ஆம் ஹேவிங் லாட் ஆஃப் வொர்க்ஸ்’ என்று எழுதுவது இன்னொரு கோடி. இருக்க வேண்டிய ‘எ’ போய்விட்டது, இருக்கக் கூடாத ‘ஸ்’ வந்துவிட்டது, ஹேவ் என்று முடிய வேண்டியது ஹேவிங் ஆகிவிட்டது.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் பொறுமையாகப் படியுங்கள். ‘எ லிட்டில் வொர்க்’ என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. ‘லிட்டில் வொர்க்’ என்றால் வேலை இல்லாத மாதிரிதான். ‘தேர் இஸ் லிட்டில் வொர்க் லெஃப்ட்’ என்று எழுதினால், கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று மேனேஜர் எடுத்துக்கொள்வார். நீங்கள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்ல வந்திருந்தால் அந்த ‘எ’ கட்டாயம் வேண்டும். ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் டெட்லைன் பேச்சே அதை நம்பித்தான் போகும்.

மச் என்ற சொல்லும் வொர்க்கோடு வரும். கேள்வியிலும் எதிர்மறையிலும் அது அழகாக உட்காரும்: ‘ஹவ் மச் வொர்க் இஸ் லெஃப்ட்?’, ‘தேர் இஸ் நாட் மச் வொர்க் டுடே.’ சாதாரண வாக்கியத்தில் ‘ஐ ஹேவ் மச் வொர்க்’ என்றால் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் விறைப்பாகத் தெரியும். அங்கே ‘எ லாட் ஆஃப்’ போதும்.

மூன்றாம் படி: ‘ஒரு’ என்பதைக் கண்டு ஏமாறாதீர்கள்

“ஒரு வேலைதானே அக்கா, ஒன்னுன்னா ‘எ’ போடணும்ல?” என்று கேட்காத பிள்ளையே இல்லை. கணக்கு சரிதான். ஆனால் ‘பேங்கில் ஒரு வேலை இருக்கு’ என்று சொல்லும்போது நாம் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. அங்கே போய் மூன்று காரியம் முடித்துவிட்டு வந்தாலும் ‘ஒரு வேலை இருந்துச்சு’ என்றுதான் சொல்வோம். அந்த ஒரு எண்ணிக்கை இல்லை, ஏதோ ஒன்று என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பைச் செய்யும் சொல் சம். ‘ஐ ஹேவ் சம் வொர்க் டு ஃபினிஷ்’ என்று எழுதும்போது நம் ‘ஒரு வேலை’ அப்படியே அதற்குள் வந்துவிடுகிறது.

அடைமொழி சேர்ந்தாலும் விதி மாறாது. ‘இட் வாஸ் எ ஹார்ட் வொர்க்’, ‘யூ டிட் எ குட் வொர்க்’ இரண்டும் தவறு. ‘இட் வாஸ் ஹார்ட் வொர்க்’, ‘குட் வொர்க்’ என்று எழுதுங்கள். ‘எ’ போட்டே ஆக வேண்டும் என்று கை துடித்தால் சொல்லை மாற்றுங்கள்: ‘யூ டிட் எ குட் ஜாப்.’ ஜாப் எண்ணக்கூடிய சொல், அங்கே ‘எ’ தாராளமாக வரும், ஜாப்ஸ் என்று பன்மையும் வரும். சர்வரில் ராத்திரி தானாக ஓடுவதையும் ஜாப் என்றுதான் சொல்கிறோம், ‘டூ ஜாப்ஸ் ஃபெயில்ட் லாஸ்ட் நைட்’. பீன்யா பக்கம் லேத் பட்டறைகளில் ஜாப் வொர்க் என்பார்கள். அங்கே கடைசியில் நிற்பது வொர்க், ஆகவே அது மறுபடியும் தண்ணீர்தான், ஜாப் வொர்க்ஸ் ஆகாது.

வேலை தேடுவதைச் சொல்ல இரண்டு வழி இருக்கிறது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப்’, ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் வொர்க்’ இரண்டும் சரி. இரண்டையும் கலந்து ‘லுக்கிங் ஃபார் எ வொர்க்’ என்று எழுதாதீர்கள். பயோடேட்டாவின் முதல் வரியிலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால்

ஆபீசில் எண்ணாமல் முடியாது. தினமும் எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று கேட்பார்கள். அப்போது தண்ணீருக்குக் குடம் எடுப்பது போல ஒரு பாத்திரம் எடுங்கள். டாஸ்க், டிக்கெட், ஐட்டம், ஜாப் எல்லாம் பாத்திரம். ‘த்ரீ வொர்க் ஐட்டம்ஸ்’ சரி, ஏனென்றால் ஸ் விழுவது ஐட்டத்தின் மேல்.

நாள் கணக்கு, மணிக் கணக்கும் நல்ல பாத்திரம். ‘எய்ட் அவர்ஸ் ஆஃப் வொர்க்’, ‘டூ டேஸ் ஆஃப் வொர்க்’. இதையே சுருக்கமாக ‘டூ டேஸ் வொர்க்’ என்று எழுதலாம், ஆனால் அப்பாஸ்ட்ரஃபி என்கிற மேல் கமா வேண்டும். ஒரு நாள் என்றால் டே என்ற சொல்லுக்கும் ஸ் எழுத்துக்கும் நடுவில், இரண்டு நாளோ அதற்கு மேலோ என்றால் ஸ் எழுத்துக்கு அப்புறம். அந்தக் கமா எங்கே வரும் என்று குழப்பமாக இருந்தால் ‘ஆஃப்’ போட்டு எழுதிவிடுங்கள், பிழைக்கு இடமே இல்லை. ‘திஸ் இஸ் எ டூ டே வொர்க்’ மட்டும் வேண்டாம். ‘எ டூ டே ஜாப்’ அல்லது ‘எ டூ டே டாஸ்க்’.

போன வாரம் திருத்திய மெயில் ஒன்றை இங்கே முழுதாக வைக்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன பிள்ளை எழுதியது, அனுமதி வாங்கித்தான் போடுகிறேன்.

‘டுடே ஐ கம்ப்ளீட்டட் த்ரீ வொர்க்ஸ். டூ வொர்க்ஸ் ஆர் அண்டர் ப்ராக்ரஸ். இட் இஸ் எ டூ டேஸ் வொர்க். டுமாரோ ஐ ஹேவ் எ பர்சனல் வொர்க், ஸோ ஐ வில் பி இன் வொர்க் ஃப்ரம் ஹோம்.’

முதல் வரியில் எண்ணிக்கை வேண்டும், ஆகவே வொர்க்ஸ் போய் டாஸ்க்ஸ் வந்தது. இரண்டாவது வரியில் டாஸ்க்ஸ் என்று திரும்பச் சொல்லத் தேவையில்லை, டூ மட்டும் போதும். அண்டர் ப்ராக்ரஸ் என்பது இரண்டு சொற்றொடர் ஒன்றாகக் கலந்தது: அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்பதும் சரி, இன் ப்ராக்ரஸ் என்பதும் சரி, அண்டர் ப்ராக்ரஸ் மட்டும் சரியில்லை. நம் ரோடுகளில் பலகையிலேயே அப்படி எழுதி வைத்திருப்பதால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வரி மேலே சொன்னதுதான். நாலாவதில் ‘எ’ போய் சம் வந்தது. ‘இன் வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பேச்சில் வொர்க் ஃப்ரம் ஹோம் என்பது ஒரு பொருளின் பெயர் மாதிரியே ஆகிவிட்டது, ‘இன்னைக்கு எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்கிறோம். எழுதும்போது அதை வினைச்சொல்லாக்கிவிட்டால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும்.

முடிவில் இப்படி வந்தது: ‘ஐ கம்ப்ளீட்டட் த்ரீ டாஸ்க்ஸ் டுடே. டூ ஆர் இன் ப்ராக்ரஸ். தே நீட் அபௌட் டூ டேஸ் ஆஃப் வொர்க். ஐ ஹேவ் சம் பர்சனல் வொர்க் டுமாரோ மார்னிங், ஸோ ஐ வில் பி வொர்க்கிங் ஃப்ரம் ஹோம்.’

வொர்க் என்ற பெயர்ச்சொல் இதில் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் முன்னால் ‘எ’ இல்லை, பின்னால் ‘ஸ்’ இல்லை. அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, இன்னொருமுறை வாய்விட்டுப் படித்தாள்.

ஐந்தாம் படி: இடத்தைச் சொல்லும்போது ‘தி’ வேண்டாம்

வேலை செய்யும் இடத்தையும் வொர்க் என்றே சொல்லலாம். ‘ஐ ஆம் அட் வொர்க்’, ‘ஐ கோ டு வொர்க் பை மெட்ரோ’, ‘லெட் அஸ் மீட் ஆஃப்டர் வொர்க்’. இங்கே ‘எ’யும் கிடையாது, ‘தி’யும் கிடையாது. ‘கோயிங் டு தி வொர்க்’ தவறு. ஆனால் ஆபீஸ் என்று எழுதினால் ‘தி’ வேண்டும்: ‘ஐ ஆம் கோயிங் டு தி ஆபீஸ்.’ நாம் நேர்மாறாக எழுதுகிறோம், ‘கோயிங் டு ஆபீஸ்’ என்று. இந்தியா முழுக்க இது ஊறிப்போனது, பேச்சில் நானும் சொல்கிறேன். எழுத்தில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில்லாமல் இருப்பவரைப் பற்றி ‘அவுட் ஆஃப் வொர்க்’. லிஃப்ட் ஓடவில்லை என்றால் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’. இரண்டும் மாறிவிடக் கூடாது.

‘வொர்க்ஸ்’ சரியாக வரும் இடங்கள்

இத்தனை படித்த பிறகு, வொர்க்ஸ் என்று எங்கே பார்த்தாலும் அடித்துத் திருத்தத் தோன்றும். வேண்டாம், அதற்கும் அதன் இடம் உண்டு. முதல் படியில் பாக்கி வைத்த படைப்பும் கட்டுமானப் பணியும் இதுதான்.

படைப்பு என்று போட்டால் பொருந்துகிற இடத்தில் வொர்க்கை எண்ணலாம். ‘தி திருக்குறள் இஸ் எ வொர்க் ஆஃப் 1330 கப்லெட்ஸ்’ என்று எழுதினால் அந்த ‘எ’ சரி. ‘தி வொர்க்ஸ் ஆஃப் பாரதியார்’ என்பதில் ஸ் சரி. சிற்பமோ ஓவியமோ என்றால் ‘எ வொர்க் ஆஃப் ஆர்ட்’. அல்சூர் ஏரிக்கரையில் 2009-ல் திறந்த வள்ளுவர் சிலையை அப்படித் தாராளமாக எழுதலாம். ஆனால் அதை உருவாக்கிய உழைப்பைச் சொல்ல வந்தால் மறுபடி வெறும் வொர்க்தான்.

சிவில் எஞ்சினியரிங் படித்துவிட்டு வருபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாலம், சாலை, கால்வாய் போன்ற கட்டுமானப் பணிகளை வொர்க்ஸ் என்று பன்மையில் சொல்வது பழைய வழக்கம். பப்ளிக் வொர்க்ஸ் டிபார்ட்மென்ட், அதாவது நம் பொதுப்பணித்துறை, என்பதில் இருக்கும் ஸ் அதுதான். இந்த ஊர் கொண்டாடும் விஸ்வேஸ்வரய்யா, 1912-ல் மைசூர் திவான் ஆவதற்கு முன் பம்பாய் மாகாணத்தின் பப்ளிக் வொர்க்ஸ் துறையில் எஞ்சினியராக இருந்தவர். டெண்டர் தாளில் சிவில் வொர்க்ஸ், எலக்ட்ரிகல் வொர்க்ஸ் என்று வருவதும் சரியே. 2017-ல் வந்த மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 2(119) பிரிவில் வொர்க்ஸ் கான்ட்ராக்ட் என்பதற்கு விளக்கமே வைத்திருக்கிறது. அதில் போய் ஸ்ஸை அடித்துவிட்டு வொர்க் கான்ட்ராக்ட் என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

தொழிற்சாலைக்கும் வொர்க்ஸ் என்று பெயர் உண்டு. பத்ராவதி இரும்பாலையின் பழைய பெயர் மைசூர் அயர்ன் வொர்க்ஸ்.

இது தவிர, ‘ஷி வொர்க்ஸ் இன் வைட்ஃபீல்டு’ என்பதில் வரும் ஸ் பன்மை இல்லை, அது வினைச்சொல்லின் ஸ். இதை நீங்கள் சரியாகவே எழுதுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒட்டி வரும் சொற்கள்

ஹோம்வொர்க், ஹவுஸ்வொர்க், பேப்பர்வொர்க், டீம்வொர்க், கிரவுண்ட்வொர்க் எல்லாம் தண்ணீர்க் குடும்பம். ‘ஹோம்வொர்க்ஸ்’ என்று பள்ளி டைரியிலேயே எழுதி அனுப்புகிறார்கள், அதைப் பார்த்து வளரும் பிள்ளை பின்னால் ‘பேப்பர்வொர்க்ஸ்’ என்று எழுதும். நெட்வொர்க், ஃப்ரேம்வொர்க் இரண்டும் விலக்கு. அவை உழைப்பைக் குறிப்பதில்லை, ஒரு அமைப்பைக் குறிக்கின்றன. ஆகவே ‘எ நெட்வொர்க்’, ‘டூ ஃப்ரேம்வொர்க்ஸ்’ சரி. வொர்க்லோட் என்பதில் கடைசியில் நிற்பது லோட், டேங்கர்க்காரர் சொல்லும் அதே லோடு. அதனால் ‘மை வொர்க்லோட் இஸ் ஹெவி’ சரி, க்ளவுட் பக்கம் இருப்பவர்கள் ‘வொர்க்லோட்ஸ்’ என்று எழுதுவதும் சரி.

அனுப்பும் முன்

மெயில் எழுதி முடித்ததும் கன்ட்ரோல் பட்டனோடு எஃப் அழுத்தி வொர்க் என்று தேடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முன்னால் ‘எ’ இருக்கிறதா, பின்னால் ‘ஸ்’ இருக்கிறதா, பக்கத்தில் ஆர் என்ற வினை இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் உழைப்பா, உத்தியோகமா, காரியமா, படைப்பா, கட்டுமானமா என்று தமிழில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அரை நிமிஷம் ஆகும். ஒரு மாதம் விடாமல் செய்தால் தேடத் தேவையே இருக்காது, எழுதும்போதே கை நின்றுவிடும். கம்ப்யூட்டர் போடும் சிவப்புக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். வொர்க்ஸ் என்பது அகராதியில் இருக்கும் சொல், எழுத்துப்பிழை பார்க்கும் வசதி அதைச் சரியென்று விட்டுவிடும்.

இன்ஃபர்மேஷன், ஃபீட்பேக், அட்வைஸ், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ் இவற்றுக்கும் இதே தண்ணீர்ச் சோதனை போதும். ‘ஃபீட்பேக்ஸ்’ என்று எழுதும் கையை இன்றைக்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை மெயில். நேட்டிவ் என்ற சொல்லை இடப்பெயராக எழுதுவது நம் நாட்டு வழக்கு, வெளிநாட்டார்க்குப் புரியாது. ஹோம் டவுன் என்று எழுதுங்கள். குடும்பக் காரியத்துக்கு வொர்க் தேவையே இல்லை, மேட்டர் என்றால் போதும்.

‘ஐ நீட் டு கோ டு மை ஹோம் டவுன் ஃபார் எ ஃபேமிலி மேட்டர். மே ஐ டேக் லீவ் ஆன் மண்டே? ஐ வில் ஃபினிஷ் மை பெண்டிங் வொர்க் பிஃபோர் ஐ லீவ் டுடே, அண்ட் ஐ வில் பி பேக் அட் வொர்க் ஆன் டியூஸ்டே மார்னிங்.’

இதை மூன்று மணிக்குள் அனுப்பிவிடுங்கள். பதில் வருவதற்குள் பாக்கி வேலையை முடித்தால் மடிவாளாவில் பஸ் பிடிக்க நேரம் சரியாக இருக்கும்.